வண்டியைத் திருப்பியவர்

உத்திரமேரூரில் அவருக்கு ரேஸ்காரர் என்று பெயர். அவர் ஓட்டிவரும் ஜீப்பை சைக்கிளில் போகிறவர்கள் முந்திவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நிஜமாகவே கார்ப் பந்தயம் ஓட்டியவர்தான். போர்ச்சுகலில் ஏதோ ஒரு கடலோர ஊர். அப்பா மீன் லாரி ஓட்டினார். இவர் இருபது வயதிலிருந்து மலைச் சாலைகளில் பந்தயம் ஓட்டினார். பிறகு அதை விட்டுவிட்டு, இருபத்தெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். பகலில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் படிப்பு. நான் அவரைப் பார்த்தபோது ஐம்பது தாண்டியிருந்தது. ஒரு பெரிய கம்பெனியில் மேலதிகாரி. கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் திட்டம் ஒன்றை எங்கள் பக்கத்தில் நடத்திப் பார்க்க வந்திருந்தார். சென்னையில் ஏசி ஆபீஸ் கொடுத்தார்களாம். டவர் இருக்கிற இடத்தில்தான் இருப்பேன் என்று பஜாரில் ஒரு மாடியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்து, ஒரு டைப்பிங் சென்டரில் ஏழு வருடம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு அவரிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஐ.டி.ஐ. படித்த என் தம்பிக்கு டவர் ஏற்றும் கேங்கில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அதில்தான் நிம்மதி. வெள்ளைக்காரரோடு ஜீப்பில் நான் மட்டும் ஊர் ஊராகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், தம்பியும் கூட இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும். அமெரிக்காவில் தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள், அதனால் நிறுத்திப் பேசப் பழகியதாகச் சொன்னார். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. முதல் வாரத்தில் கேங்கில் இருந்த முனுசாமி, "அலமாரி சாவி எங்க கீது?" என்று யாரிடமோ கேட்டபோது, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அலமாரியும் சாவியும் அவருடைய மொழிச் சொற்களாம். ஜன்னலும் மேசையும்கூட. அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அந்த நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு மற்றத் தமிழையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார், முனுசாமியின் தமிழை. என் முகத்தைப் பார்த்து, "இன்னா பேஜார்?" என்று கேட்பார்.

அவரை அவசரப்படுத்த முடியாது. யாராலும் முடியாது. ஒரு முடிவை எடுக்கும்வரை பத்துப் பேர் சொல்வதையும் கேட்பார். எடுத்த பிறகு பத்துப் பேர் கத்தினாலும் மாற மாட்டார். அது தவறாகப் போனால், யாரும் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவார். இந்த மூன்றாவது பழக்கம்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் அப்படியே சொல்ல வேண்டியதாயிற்றே.

பெருநகரில் முதல் மையம் திறக்கிற நாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, மூன்று கம்ப்யூட்டர், வாசலில் வாழைமரம், மைக் செட். முன்வரிசையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல்கூடத் தட்டில் வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை அவர் இன்டர்நெட் லைனைச் சோதித்தார். வந்தது. மறுபடி சோதித்தார். வந்தது. மூன்றாவது முறை பாதியில் அறுந்தது. எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்று திறக்கவில்லை என்று சொல்லு. தயாராக இல்லை. தப்பு என்னுடையது."

"சார், மூன்றில் இரண்டு தடவை வருகிறதே. ரிப்பன் வெட்டிவிட்டு நாளைக்குச் சரி செய்யலாமே."

"சொல்லு."

மைக்கைப் பிடித்தேன். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கரண்ட் கோளாறு, அதனால் விழா ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசைக்கு மேலே மூன்று மின்விசிறிகள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து ஒருவர், "கரண்ட் இல்லாமலா ஃபேனு சுத்திக்கினு கீது?" என்றார். கூட்டம் சிரித்தது. ரேஸ்காரருக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது அப்போது. ஆனால் ஜனங்கள் எங்கே பார்த்துச் சிரித்தார்கள் என்பதைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

திரும்பி வரும்போது ஜீப்பில் வைத்துச் சொன்னார்: "நான் அழுக்காக ஒன்று சொன்னால் அழுக்காகவே கொடு. நீ சலவை செய்து கொடுக்காதே. அவர்கள் நாளைக்கு நம்பப்போவது என்னை. நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாவிட்டால் எப்படி?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சென்னை ஆபீசிலிருந்து அன்று வந்த போன்களில் அவரைக் கிழித்தார்கள். "ஆமாம், நான்தான் நிறுத்தினேன்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மையம் திறந்தது. பெரிய மனிதர்களில் பாதிப் பேர் வரவில்லை.

வண்டி ஓட்டும்போது அவர் கண் ரொம்ப தூரத்தில் இருக்கும். எருமை ரோட்டில் இறங்கப்போகிறது என்பது எருமைக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும் என்று தம்பி சொல்வான். எப்போது பிரேக் பிடித்தார் என்றே நமக்குத் தெரியாது. ஒருநாள் பிரைவேட் பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி முந்திப்போனது. தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா, அவராண்ட சொல்லு. ஒரே ஒரு தபா அந்த பஸ்ஸ புடிக்கச் சொல்லு. நம்மூரு ஆளுங்க பாக்கட்டும்."

நான் சொன்னேன். சிரித்தார். வேகத்தை மாற்றவில்லை. தம்பி விடாமல், ஏன் ரேஸை விட்டீர்கள் என்று கேட்கச் சொன்னான். அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் பனிமூட்டம். முன்னால் போன வண்டி ஒரு வளைவில் நன்றாகப் போனது. அது போனதைப் பார்த்து நானும் போனேன். ரோட்டைப் பார்க்கவில்லை."

பந்தயங்களில் வழி சொல்வதற்குப் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார் என்று முன்பு எங்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஆள் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெருமழை பெய்த வருடம் அது. ஏரிகள் எல்லாம் நிரம்பி, பாலாறும் செய்யாறும் ஒன்றாகச் சேர்கிற திருமுக்கூடல் பக்கத்தில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டவர் பாதி ஏறி நின்றது. மழையில் டவர் வேலை கூடாது என்பது அவர் உத்தரவு. அன்று காலையிலிருந்து வெயில் அடித்தது. டவரை இழுத்துக்கட்டும் கம்பிவடம் ஒன்று தளர்ந்துகிடப்பதைப் பார்த்து, அதை மட்டும் முறுக்கிவிடலாம் என்று தம்பியும் முனுசாமியும் இறங்கியிருக்கிறார்கள். ஈரத்தில் வடம் வழுக்கியது. தம்பியின் வலது கையைக் கப்பிக்குள் இழுத்துக்கொண்டது.

நாங்கள் அதே கிராமத்தில்தான், பஞ்சாயத்து ஆபீசில் இருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தபோது கையைக் கப்பியிலிருந்து வெளியே எடுத்திருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல முடியாது. ஊர் நர்ஸம்மா துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

"இங்க ஒண்ணும் ஆவாது. உத்திரமேரூர்லயும் இதுக்கு முடியாது. செங்கல்பட்டுக்குத் தூக்கினு போங்க. ரத்த ஓட்டம் நின்னுபோன கைம்மா. எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது."

தம்பியைப் பின்சீட்டில் படுக்கவைத்து அவன் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். முனுசாமி முன்னால் ஏறினார். ஆற்றின் தரைப்பாலத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு அரைமணி நேரம். தாண்டாவிட்டால் உத்திரமேரூருக்கே திரும்பி, அங்கிருந்து நெடுஞ்சாலைக்குப் போய், மேல்பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். அது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் முப்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் இறங்கி, குலுங்கிக் குலுங்கி, அக்கரையில் ஏறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் இறங்கினார். யார் கையிலோ இருந்த மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் வரை. கழியை இடது பக்கம் ஊன்றினார், வலது பக்கம் ஊன்றினார். பாலத்தின் ஓரத்தைக் காட்டும் கற்கள் எதுவும் தெரியவில்லை. இன்னும் பத்தடி போனார். தொடை வரை. தண்ணீர் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நின்று பார்த்தார். கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"டிராக்டரே போயிடுச்சு, ஜீப்பு போவாதா? ஏறி ஓட்டச் சொல்லும்மா!"

"ரேஸ்காரராம் ரேஸ்காரரு. பையன் கை பூடும்யா!"

அவர் திரும்பி வந்தார். முனுசாமியிடம் தமிழில், "எறங்கு" என்றார். முனுசாமி உடனே இறங்கிவிட்டார். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீயும் இறங்கு. இது அவன் கை. அவனும் நானும் போகலாம். நீ வரக்கூடாது."

நான் மாட்டேன் என்றேன். கையை யார் தூக்கிப் பிடிப்பது என்று கேட்டேன். சீட்டின் கம்பியில் கட்டிவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். நான் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, அவர் மொழியில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லித் திட்டினேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் இறங்கினால் தம்பி தனியாகப் போவான். இறங்காவிட்டால் மூன்று பேரும் போவோம். நான் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை, வண்டியை எடுத்தே ஆகவேண்டும். இப்படித்தான் நினைத்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என் முழங்கையை விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, டிரைவர் சீட்டில் ஏறி, வண்டியை வந்த வழியே திருப்பினார்.

கரையில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒருவன் ஜீப்பின் பின்புறத்தைக் கையால் அறைந்தான். நான் கத்தினேன், கெஞ்சினேன். கோழை என்று சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "கையைத் தூக்கிப் பிடி."

அதற்குப் பிறகுதான் அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காததை அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்தேன். ஈர ரோட்டில், குழியும் சேறுமாகக் கிடந்த ரோட்டில், வண்டி குலுங்கவில்லை. வளைவு வருவதற்கு முன்பே அது வளைவுக்குத் திரும்பியிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தை எப்படித் தாண்டினோம் என்று தெரியாது. எதிரே வந்த லாரிக்கும் புளிய மரத்துக்கும் நடுவில் ஜீப் அளவுக்கு மட்டும் இடம் இருந்தது. அதில் புகுந்தார். அவர் முகத்தில் எதுவும் இல்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவன் முழங்கை என் கையில் சில்லிட்டுக்கொண்டே வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆயிற்று.

டாக்டர்கள் மாலைவரை முயன்றார்கள். கையை எடுக்க வேண்டியிருந்தது. முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டேன். வயதான டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவு நசுங்கின கை" என்றார். அதற்கு மேல் யாராலும் எனக்கு எதையும் சொல்ல முடிந்ததில்லை.

அம்மா பொழுது சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். வழியிலேயே கதை அவளுக்குக் கிடைத்துவிட்டிருந்தது. வராந்தாவில் நின்றிருந்த அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் பேன்ட் தொடைவரை சேறு காய்ந்திருந்தது.

"டிராக்டரு போச்சாமே. ஊரே பாத்துச்சாமே. இவுரு இன்னாத்துக்குப் போவலன்னு கேளு."

நான் கேட்டேன்.

"போவது சரியில்லை என்று நான் முடிவு செய்தேன் என்று சொல்லு. பாலத்தில் போயிருந்தால் ஒருவேளை கை இருந்திருக்கும். முடிவு என்னுடையது."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதை அப்படியே அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது.

"பாலம் ஒடஞ்சிபோச்சாம்மா. டிராக்டர் போனதுக்கு அப்பறம் ஒடஞ்சிச்சாம். அதான் போவ முடியல."

அம்மா மூச்சை விட்டாள். தோள்கள் தளர்ந்தன. அப்போது அவர் தமிழில் பேசினார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி.

"அம்மா. பாலம் ஒடையல. பாலம் கீது. நான் போவல."

வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவரும் அதற்குத் தயாராக நின்ற மாதிரித்தான் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி பொய் சொன்ன?" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் இறங்க மறுத்ததை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, விசாரிக்க வந்த சென்னைக்காரர்களிடமும் சொல்லவில்லை. முனுசாமி கரையில் தள்ளி நின்றதால் அவருக்கும் முழுசாகத் தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு தரைப்பாலம் முழுசாக நின்றது. "பாலம் அப்டியேதான் கீது" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரேஸ்காரர் என்கிற பெயரை அதற்குப் பிறகு வேறு குரலில் சொன்னார்கள். அவர் அடுத்த வருடம் திட்டம் முடிந்து போகும்வரை அதைக் கேட்டுக்கொண்டுதான் பஜாரில் நடந்தார். அம்மா அவரோடு கடைசிவரை பேசவில்லை.

தம்பி டவர் வேலையை விட்டு ஆபீசில் கண்ட்ரோல் மேசைக்கு வந்தான். இடது கையால் கீபோர்டு தட்டப் பழகினான். அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான், இன்று காஞ்சிபுரத்தில் சொந்தமாகக் கேபிள் நெட் நடத்துகிறான். கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். அந்த மதியத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனாகவே ஆரம்பித்தான்.

"அவரு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேங்கா. 'சார், நீங்க மட்டும் இருந்தா போயிருப்பீங்களா'ன்னு. 'போயிருப்பேன்'னாரு."

சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"'அப்ப எங்கக்காவ கரையில எறக்கி வுட்டுட்டு நாம ரெண்டு பேரும் போயிருக்கலாமே'ன்னேன். ரொம்ப நேரம் என்னியே பாத்துக்கினு இருந்தாரு. 'அது எனக்கு அப்ப தோணல'ன்னாரு."

தட்டைக் கீழே வைத்தேன். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் கதவைத் திறந்ததை, என்னை இறங்கச் சொன்னதை, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டதை. "உன் கையப் போக்குனது நான்தான்டா" என்றேன்.

தம்பி தண்ணீர்ச் சொம்பை இடது கையால் என் பக்கம் நகர்த்தினான்.

"தெரியும்கா. கண்ணுதான் மூடிக்கினு இருந்துச்சு. காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு. அதான் அவராண்ட கேட்டேன், பழிய யாரு மேல போடறாருன்னு பாக்கலாம்னு. நீ சாப்புடு."